இரண்டு லார்ஜ்

முப்பத்தோரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவன் நான். எத்தனாலை அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் விட்டால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கிற கருவி இந்த வினையை வைத்துத்தான் வந்தது என்று சொல்வேன். தூங்கி வழிகிற கடைசி பெஞ்சுகூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். அதைச் செய்தவர் அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் போலீஸில் இருந்த போர்க்கென்ஸ்டைன், வருடம் 1954 என்று பரீட்சைக்கு வராத விவரத்தையும் சேர்த்துச் சொல்வேன். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் பிரேயரில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. தீர்ப்பு வந்த அன்று ஆசிரியர் அறையில் முதலில் கை தட்டியவனும் நான்தான்.

இப்பேர்ப்பட்ட ஆள், 2023இல் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, திருச்சி தில்லைநகர் மெயின் ரோட்டில், கன்னத்துக்குள் நாலு ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயில் வாயை வைத்து ஊதினேன். மெஷின் 94 என்றது.

எனக்குப் பழக்கப்பட்ட பாஸ் மார்க் 35. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கியவனைத் தட்டிக்கொடுத்தே பழகிய கை இது. இந்தப் பரீட்சையில் மட்டும் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே ஃபெயில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பால்ய நண்பன் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றான். உறையூரில் அவன் வீட்டு மொட்டைமாடியில் விருந்து. வேலைக் காலம் முழுக்க மைக்ரோமீட்டரைப் பிடித்து ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பார்த்த கை அவனுடையது. அந்தக் கைதான் எனக்கு ஊற்றியது. "ரெண்டே லார்ஜ்தான்டா, அதுக்கு மேல உனக்குக் கிடையாது" என்றான். நானும் அதை ஒரு கட்டுப்பாடாகவே எடுத்துக்கொண்டேன். ஒன்பதே முக்காலுக்குக் கீழே இறங்கியபோது தெருமுனை ஆட்டோக்காரர் கே.கே.நகருக்கு இருநூற்றைம்பது கேட்டார். "ராத்திரின்னா என்ன வேணும்னாலும் கேப்பீங்களா?" என்று நுகர்வோர் உரிமை பேசினேன். என் பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் நண்பன் முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை முடித்துவைத்தான். ஒரு டம்ளர் மோர். வாசலில் நிற்கும் கொய்யா மரத்தில் கைக்கெட்டிய கொழுந்து. பிறகு ஏலக்காய். அவன் மனைவி, "அண்ணே, ரெண்டு இட்லியாவது வச்சுக்கிட்டுப் போங்க" என்றார். அதை மட்டும் வேண்டாமென்றேன்.

இதெல்லாம் பலிக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கூலி வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தவன். இப்போது சாலையில் வைத்திருக்கிற கருவிகளில் டைகுரோமேட் இல்லை, பெரும்பாலும் எரிபொருள் மின்கலம். மூச்சில் வரும் எத்தனால் பிளாட்டினம் மின்முனையில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து எத்தனாயிக் அமிலமாக மாறும். அப்போது கிளம்பும் எலக்ட்ரான்களின் கணக்குத்தான் திரையில் வரும் எண். அதற்கு மூக்கு கிடையாது. ஏலக்காய் வாசம் ஏட்டையாவின் மூக்கை ஏமாற்றலாம், எலக்ட்ரானை என்ன செய்யும்? அந்த எத்தனால் வாயிலிருந்து வருவதும் இல்லை. ரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது காற்றுக்குக் கைமாறுகிறது. 2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருப்பது ஒரு மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற கணக்கில்தான் கருவியைச் செய்கிறார்கள். வாயைக் கழுவி நுரையீரலை மறைக்க முடியாது. ஆல்கஹால் கலந்த மௌத்வாஷில் கொப்பளித்துவிட்டு உடனே ஊதினால் எண் ஏறத்தான் செய்யும். அதனால்தான் வாயில் ஏதாவது போன பிறகு கால் மணி நேரம் விட்டு ஊதச் சொல்வது முறை. இத்தனையும் தெரிந்த நான் நாலு ஏலக்காயில் ஒன்றைக் கடித்து, மற்ற மூன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டேன்.

சாலை ரோடு வந்து தில்லைநகர் மெயின் ரோட்டில் திரும்பியதும் தூரத்தில் தடுப்பும் சிவப்பு விளக்கும் தெரிந்தன. புத்திசாலித்தனமாகப் பக்கத்துக் கிராஸுக்குள் வண்டியை விட்டேன். தில்லைநகரைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். அந்த மெயின் ரோட்டை மீன் முள் என்று வைத்துக்கொண்டால் கிராஸ் தெருக்கள் எல்லாம் அதன் பக்க முட்கள். எதற்குள் போனாலும் சுற்றிக்கொண்டு மறுபடி முதுகெலும்புக்குத்தான் வர வேண்டும். முப்பது வருடமாக நடமாடிய பேட்டையில் எந்தக் கிராஸில் நுழைந்தேன், எதில் திரும்பினேன் என்பது அன்றைக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கிராஸ்களில் ஏதோ ஒன்றில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடுகிற ஒருவர் கடையை ஏறக்கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிப்போனார். அவருக்குப் பின்னால் எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விளையாட்டாக நடந்துவந்தாள். நான் பார்த்தபோது அவள் வண்டி விளக்கின் வெளிச்சத்துக்குள் இருந்தாள். பிரேக் பிடித்தேன். டயர் அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நின்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹாரன் அடித்தேன். "பார்த்து வரக் கூடாதா?" என்று சத்தம் வேறு போட்டேன். அவர்தான், "மன்னிச்சுக்கங்க சார்" என்று சொல்லி, குழந்தையை இழுத்து ஓரமாக நிறுத்தி எனக்கு வழிவிட்டார்.

அடுத்த திருப்பத்தில் மெயின் ரோடு வந்தது. தடுப்புக்கு இருபதடி முன்னால், எஸ்.ஐ.யின் நேர் எதிரில், நானாகவே போய் நின்றேன்.

முதலில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். திருச்சியில் காக்கி உடுப்பில் இருக்கிற யார் வேண்டுமானாலும் என்னிடம் படித்தவராக இருக்கலாம். "ஹெல்மெட்டைக் கழட்டுங்க சார்" என்றார் எஸ்.ஐ. முப்பது வயதுக்குள் இருக்கும். என்னிடம் படித்தவர் இல்லை என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. என்னிடம் படிக்காதவர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தேன்.

"எந்த அடிப்படையில் ஊதச் சொல்றீங்க?"

"பின்னால கிராஸுக்குள்ள போனீங்க, முன்னால கிராஸ்லருந்து வர்றீங்க. கண்ணு சிவந்திருக்கு. வாயில ஏலக்காய். போதுமா சார்?"

போதும். சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாம் என்கிறது 203ஆம் பிரிவு. ஊத மாட்டேன் என்று அடம் பிடித்தால் தப்பிக்கலாம் என்று மொட்டைமாடியில் ஒருவர் சத்தியம் செய்திருந்தார். அப்படிப் பிடிப்பவர் மேல் சந்தேகத்துக்கு இடமிருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்பதும், தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தது பிற்பாடு வழக்கில் அவருக்கு எதிராகவே நிற்கும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளன. சத்தியம் செய்தவர் அதைப் படித்திருக்கவில்லை. நானும்தான். எஸ்.ஐ. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்து அரசியல். "விக்கிறதும் கவர்மென்ட், பிடிக்கிறதும் கவர்மென்டா?" 2003லிருந்து சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் கையில் எடுத்துக்கொண்ட கதையைத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற ஏட்டையா கொட்டாவியை அடக்கியபடி, "கடையில பாட்டிலோட வண்டிச் சாவியையும் சேர்த்தா குடுத்தாங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அவர் ஒரு ராத்திரிக்குப் பத்து தடவையாவது கேட்பார் போலிருந்தது. அவ்வளவு வழுவழுப்பாக வந்தது.

புதுக் குழாயை உறை பிரித்து மாட்டினார்கள். அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும், பழைய குழாய் என்றால் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊதுவதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்தேன், பூஜ்யம்தான் இருந்தது. என்னைத் தொடும் வரைக்கும் அந்த மெஷின் யோக்கியமாகத்தான் இருந்தது.

முதல் தடவை பலூன் ஊதுகிற பாவனையில் கன்னத்தை மட்டும் உப்பினேன். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை பாதியில் இருமினேன். "சார், நல்லா அடி வயித்துலருந்து" என்றார் ஏட்டையா. மூன்றாம் தடவை மூச்சை இழுத்து, முடிந்த மட்டும் அடக்கி வைத்து, அது கரைந்துபோகட்டும் என்று காத்திருந்து ஊதினேன். வகுப்பில் ஒரு பையன் இப்படிச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். மூச்சை அடக்கினால் காற்று ரத்தத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டி உறவாடும். அளவு கூடுமே தவிரக் குறையாது. அந்த 94இல் ஒன்றிரண்டு மார்க் என் சொந்த முயற்சி என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் டிக்கெட் போல ஒரு சீட்டு வந்து விழுந்தது. தேதி, நேரம், எண். கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"அமெரிக்காவில் எண்பது வரைக்கும் விடுறாங்க சார்" என்றேன். டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகன் சொன்னது.

எஸ்.ஐ. சீட்டைப் பார்த்தார். "தொண்ணூத்தி நாலு. அங்கயும் நீங்க பாஸ் இல்லையே சார்."

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களைத் தேடினேன். ஃபோனில் ஒரே ஒருவர் தேறினார்: ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர், நடைப்பயிற்சி நண்பர். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஊதிட்டீங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப மெஷின்ல ஏறிடுச்சு. ஒண்ணும் பண்றதுக்கில்ல. மரியாதையா பேசிட்டு வாங்க." வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர் பூங்காவைச் சுற்றுகிற திசையை மாற்றிக்கொண்டார்.

படிவம் எழுதினார்கள். பெயர், அப்பா பெயர், வயது, விலாசம். "என்ன வேலை?" என்றார் ஏட்டையா. ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பிசினஸ்" என்றேன். எழுதிக்கொண்டார். அந்தப் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் இருந்தன. ஸ்டூலைத் தலையில் கவிழ்த்த குழந்தைக்கு ஒரு கட்டமும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. பைக் நம்பரை எழுதி, லைசென்ஸை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ள, குடிக்காத ஒருவர் வந்தால் உங்களை அனுப்பலாம் என்றார் எஸ்.ஐ.

நான் யாரைக் கூப்பிட்டேன்? விருந்து கொடுத்தவனை.

நட்பு என்றால் அதுதான். பத்தே நிமிடத்தில் வந்துவிட்டான். தன் வண்டியை ஓட்டிக்கொண்டு, நேராகத் தடுப்புக்கே. எஸ்.ஐ. அவனை மேலும் கீழும் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதுக் குழாய் ஒன்றை உறையிலிருந்து உருவினார். 112. "உன்னைவிட நான் கூடவா?" என்று அந்த நேரத்திலும் என் சீட்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தான். "நல்ல வேளை, ஒருத்தரை ஒருத்தர் பின்னால உக்கார வச்சு வரல" என்றார் ஏட்டையா. ஓட்டுகிறவன் போதையில் இருப்பது தெரிந்தே கூட ஏறி வருகிறவன் மேலும், தூண்டுதலுக்கான 188ஆம் பிரிவில் வழக்குப் போட இடமிருக்கிறதாம். அந்த ஒரு குற்றத்தை மட்டும் நாங்கள் செய்யவில்லை. தனித்தனி வண்டியில் சுத்தமாக வந்திருந்தோம்.

இந்தக் கட்டத்தில் என் அறிவியல் மனப்பான்மை விழித்துக்கொண்டது. "மெஷினை நம்ப முடியாது. ரத்தப் பரிசோதனை வேணும்" என்றேன். உள்ளுக்குள் வேறு கணக்கு. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்வதாக எப்போதோ கேட்டிருந்தேன். அது உண்மையும்கூட. வாட்சைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். எப்படியாவது இழுத்தடித்தால்? "தாராளமா சார், வாங்க" என்று ஜீப்பில் ஏற்றினார்கள். ராத்திரி திருச்சியில் டிராஃபிக் ஏது? கால் மணி நேரத்தில் அரசு ஆஸ்பத்திரி வாசல்.

டாக்டர் பெண்பிள்ளை. தூக்கமில்லாத கண். கோடு மாதிரி நேராக நடக்கச் சொன்னார். நான் நன்றாகத்தான் நடந்தேன். தரையில் பதித்த டைல்ஸ்தான் கொஞ்சம் கோணல். கண்ணில் டார்ச் அடித்தார். பெயரை எழுதச் சொன்னார். எழுதி, பழக்க தோஷத்தில் கீழே அடிக்கோடு போட்டு எம்.எஸ்ஸி., பி.எட். என்றும் எழுதிவிட்டேன். ஏட்டையா எட்டிப் பார்த்தார். "பிசினஸ்னீங்க?"

பிறகு நர்ஸ் ஊசியோடு வந்தார். சிறு வயதிலிருந்து எனக்கு ஊசி என்றால் ஆகாது. "மெஷின் சரியாத்தான் இருக்கும்" என்றேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசியில் என் மனைவிதான் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தாள். உள்ளே வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த மெஷினைப் பார்த்தாள். எஸ்.ஐ.யிடம் நிஜமாகவே கேட்டாள்: "நானும் ஊதணுமா சார்?" அந்த ராத்திரியில் எஸ்.ஐ. முதல் தடவையாகத் தலை குனிந்து, "இல்லம்மா, நீங்க உக்காருங்க" என்றார். ஆட்டோக்காரர் உறையூர் போய் நண்பனை இறக்கி, கே.கே.நகர் வந்து, காத்திருந்ததற்கும் சேர்த்து அறுநூறு வாங்கினார். நான் பேரம் பேசவில்லை.

தூக்கம் வரவில்லை. இரண்டு லார்ஜுக்கு எப்படி 94? நண்பனின் விருந்து அழைப்பிதழைத் திருப்பிப் போட்டு, ராத்திரி ஒன்றரை மணிக்குக் கணக்குப் போட்டேன். விட்மார்க் என்ற ஸ்வீடன்காரர் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. உள்ளே போன ஆல்கஹாலை உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கால் வகுத்தால் ரத்தத்தில் எவ்வளவு என்று வந்துவிடும். (பெண்களுக்கு அந்தப் பங்கு குறைவு, அதே அளவுக்கு எண் இன்னும் ஏறும்.) லார்ஜ் என்றால் 60 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். இரண்டு லார்ஜில் சுத்த ஆல்கஹால் சுமார் 40 கிராம். எனக்கு எடை 70 கிலோ. வந்த விடை 85. குடிக்க ஆரம்பித்ததிலிருந்து ஊதியது வரை இரண்டு மணி நேரம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 15 கழித்துக்கொண்டே வரும். ஆக, 55 இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் ஃபெயில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி நேரம் ஆனாலும், மோர் குடித்தாலும், வெறும் இரண்டு லார்ஜே எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு லார்ஜ் குடித்தால் 43, அதுவும் தாண்டல். பெரிய பீர் பாட்டில் ஒன்று, ஐந்து சதவீதம் என்றாலும், ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே போகும். "லிமிட்டா குடிச்சேன்" என்று சொல்கிற யாரும் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். போடத் தெரிந்தவனே போடவில்லையே.

கல்லீரலின் அந்த மணிக்குப் பதினைந்தைத்தான் நான் வகுப்பில் பூஜ்ய வகை வினைக்கு உதாரணமாகச் சொல்வேன். செறிவு எவ்வளவு இருந்தாலும் வேகம் மாறாது. காபி, எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல், குட்டித் தூக்கம் எதுவும் அதை விரட்ட முடியாது. நள்ளிரவு வரை ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவன் காலை ஐந்தரைக்குப் பால் வாங்க வண்டியை எடுத்தால் அப்போதும் 30க்கு மேலேதான் இருக்கக்கூடும். அவன் பல் தேய்த்திருப்பான், திருநீறு பூசியிருப்பான், தன்னை யோக்கியன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் 55க்கும் 94க்கும் நடுவில் எங்கிருந்து வந்தது அந்த 39? தலைகீழாகப் போட்டேன். 94ஓடு கழிந்துபோன 30ஐச் சேர்த்தால் 124. அது ஏறக்குறைய 59 கிராம் ஆல்கஹால். பாட்டில் கணக்கில் 175 மில்லி. கிட்டத்தட்ட முழு குவார்ட்டர். இரண்டு லார்ஜ் என்று பெயர், உள்ளே போனது மூன்று. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். விடை மாறவில்லை.

கோர்ட்டுக்குப் போன அன்று வராந்தாவில் எங்களைப் போல இருபது பேர். அத்தனை பேரும் தலைக்குக் குளித்து, சந்தனமோ குங்குமமோ வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றோம். நான் இரண்டு நிமிடப் பேச்சு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். அதில் போர்க்கென்ஸ்டைன்கூட வந்தார். மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிசினஸ்னு போட்டிருக்கு. என்ன பிசினஸ்?"

"ட்யூஷன் எடுக்கிறேனுங்கம்மா."

"என்ன சப்ஜெக்ட்?"

பின்னால் நண்பன் செருமினான்.

"கெமிஸ்ட்ரி."

பேனா நின்றது. சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். என் பேச்சு அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. அபராதம் 10,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன்னால் இது 2,000ஆக இருந்தது; இப்போது முதல் தடவைக்கே பத்தாயிரமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கொடுக்கலாம். மறுபடி மாட்டினால் பதினைந்தாயிரம், சிறை என்றால் இரண்டு வருடம் வரை. நண்பனுக்கும் அதே பத்தாயிரம். 112க்கும் 94க்கும் ஒரே விலையா என்று வெளியே வந்து கேட்டான்.

லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், ஏன் முடக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்து, மூன்று மாதம் முடங்கியது. ட்யூஷன் பையன் ஒருவனின் அப்பா இன்ஷூரன்ஸில் இருக்கிறார். எதையோ கேட்பது போல அவரிடம் கேட்டேன். போதையில் இடித்தால் சொந்த வண்டிக்கு ஒரு பைசா வராது என்றார். ஊதியதற்கான சீட்டோ ரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டால்கூட மற்ற சான்றுகளை வைத்துப் போதையை நிரூபிக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். இடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும் அதை வண்டிக்காரனிடமிருந்து வசூலிக்கப் பார்க்கும். "ஏன் சார் கேக்கிறீங்க?" என்றார். ஒரு நண்பருக்காக என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பர் இருப்பார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்று மாதமும் டவுன் பஸ். கே.கே.நகர் நிறுத்தத்தில் என் ட்யூஷன் பையன்கள், "வண்டி என்னாச்சு சார்?" என்று கேட்டார்கள். "சர்வீஸ்ல இருக்குப்பா" என்றேன். இரண்டாம் மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் டைகுரோமேட் பாடத்தைக் கருவிக் கதை இல்லாமல் நடத்தினேன். ஆரஞ்சு பச்சையாகும், எழுதிக்கோ, அடுத்தது. சில ராத்திரிகளில் பஸ்ஸை முன்னாலேயே விட்டு இறங்கித் தில்லைநகர் கிராஸ்களில் நடந்து பார்த்தேன். இட்லி வண்டிகள் நாலைந்து தென்பட்டன. எது அந்த வண்டி என்று தெரியவில்லை. ஒன்றில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, குழந்தை இருக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

லைசென்ஸ் திரும்பி வந்த வாரம் நண்பன் வீட்டுக்குப் போனேன், பஸ்ஸில். பையில் 100 மில்லி அளவு உருளை ஒன்றை வைத்திருந்தேன். மொட்டைமாடியில் அவன் முன்னால் அதே டம்ளரையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் வைத்தேன். "எனக்கு ஒரு லார்ஜ் ஊத்து, எப்பவும் ஊத்துற மாதிரி" என்றேன்.

அவன் யோசிக்கவே இல்லை. மைக்ரோமீட்டர் பிடித்த கை ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. டம்ளரில் இருந்ததை உருளையில் கவிழ்த்தேன். சுவர் மேல் வைத்து, குனிந்து, நீரின் அடிவளைவைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன்.

88.

இரண்டால் பெருக்கினால் 176. அழைப்பிதழின் பின்பக்கக் கணக்கோடு ஒரே ஒரு மில்லி வித்தியாசம். வேலைக் காலம் முழுக்க நான் செய்த எந்தப் பரிசோதனையும் இவ்வளவு துல்லியமாக வந்ததில்லை. உருளையை அவனிடம் காட்டினேன். அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொழில்காரன் பார்வையோடு வெகு நேரம் பார்த்தான்.

"தண்ணிங்கறதால கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன்டா" என்றான்.